தலைக்கு ஊத்தியாச்சா?

உங்களில் பாதிப் பேர் நன்றாக ஓடத் தெரியும் என்பதால் இந்த வேலைக்கு வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, டிரில் மாஸ்டருக்கு ஓடுகிற வேலை கொஞ்சம்தான். யாரை ஓடவிடுவது, யாரை உட்காரவைப்பது என்று முடிவெடுக்கிற வேலைதான் அதிகம். அதற்கு ட்ரெயினிங்கில் ஒரு வகுப்புகூட எடுக்கவில்லை. உங்களுக்கும் எடுத்திருக்க மாட்டார்கள்.

போன மாதம் உங்களில் ஒருவர் வீட்டுக்கு வந்து, "சார், நீங்க ஜெயிச்ச ஷீல்டுகளைப் பத்தி எழுதுங்க" என்றார். அந்த ஷீல்டுகள் எந்தப் பீரோவில் கரப்பான்பூச்சிக்கு வீடாக இருக்கின்றனவோ, எனக்குத் தெரியாது. அவற்றைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே அலுப்பாக இருக்கிறது. போகாத ஒரு போட்டியைப் பற்றி எழுதுகிறேன். இத்தனை வருஷமாக என்னை விடாமல் இருப்பது அதுதான்.

ஐம்பத்தேழாம் வருஷம். வேலையில் சேர்ந்து எனக்கு மூன்றாவது வருஷம். தேன்கனிக்கோட்டைச் சாலையில் ஒரு ஊர், அதில் ஒரு ஹைஸ்கூல். பெயர் வேண்டாம். இன்றைக்கு அந்தப் பக்கம் போனால் கம்பெனிச் சுவரும் கம்பெனி பஸ்ஸுமாகக் கிடக்கிறது. அன்றைக்கு ஓசூரே கொஞ்சம் பெரிய கிராமம்தான். சுற்றிலும் ராகிக் காடு, அவரைக் காடு, ஒரு நாளைக்கு இரண்டு தடவை பெங்களூர் போய்வருகிற பஸ். நான் தமிழ் மட்டுமே பேசுகிற கல்லாவி ஊர்க்காரன். என் பேச்சைக் கேட்டுப் பையன்கள் சிரிப்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வீட்டில் கன்னடம், கால்வாசிக்குத் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சண்டை வந்தால் மூன்றும். சடுகுடு பாடும்போது மட்டும் எல்லோருக்கும் ஒரே பாஷை.

பள்ளி திறந்து சில வாரங்களில் அந்தக் காய்ச்சல் வந்தது. கப்பலில் மதராசுக்கு வந்து இறங்கியது என்றார்கள். உலகம் முழுக்க இருக்கிறது என்று பேப்பரில் போட்டார்கள். எங்கள் ஊரில் விஷக் காய்ச்சல் என்றே பெயர். ஒரு திங்கட்கிழமை பத்துப் பேர் வரவில்லை. புதன்கிழமை வகுப்பில் பாதி பெஞ்சு காலி. அடுத்த வாரம் கணக்கு வாத்தியாரும் பியூனும் படுத்துவிட்டார்கள். பள்ளியை மூடினோம். எனக்கும் வந்தது. நான்கு நாள் எலும்பெல்லாம் கழன்று போகிற மாதிரி வலி, அப்புறம் ஒரு வாரம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் உடம்பே எனக்குச் சொல்லியிருந்தது. நான்தான் கேட்கவில்லை.

மறுபடி பள்ளியைத் திறந்தபோது விளையாட்டு வேண்டாம் என்று ஹெட்மாஸ்டரும் நானும் சேர்ந்தே முடிவு செய்தோம். நல்ல முடிவு என்று நினைத்தோம். பத்து நாளில் அது அவ்வளவு எளிய விஷயம் இல்லை என்று தெரிந்தது. பையன்கள் வரவில்லை. காய்ச்சல் விட்டவர்களும் வரவில்லை. மாடு மேய்க்கப் போனார்கள், களை எடுக்கப் போனார்கள். வீட்டில் கேட்டால், "இன்னும் ஒடம்பு தேறலீங்க" என்று பதில் வரும். காட்டில் அதே பையன் ஏர் பிடித்துக்கொண்டிருப்பான். இரண்டு வருஷம் கெஞ்சிக் கூட்டிவந்த பையன்களில் மூன்று பேர் அப்படியே நின்றுபோனார்கள். பிறகு அவர்கள் வரவே இல்லை.

அந்த ஊர்ப் பையன்களைப் பள்ளிக்கு இழுத்துவந்தது கணக்கும் இல்லை, பூகோளமும் இல்லை. சாயந்திரம் நாலு மணிக்கு மேல் ஆடும் சடுகுடுதான். ஆட்டத்தை நிறுத்தினால் படிப்பும் நிற்கும். ஆட்டத்தைத் திறந்தால் காய்ச்சல் திரும்பலாம். சடுகுடு என்றாலே ஒருவன் மூச்சு ஏழு பேர் முகத்தில். இந்தப் பக்கமும் நஷ்டம், அந்தப் பக்கமும் நஷ்டம். எதைச் செய்தாலும் தப்பாகலாம் என்கிற இடத்தில் நீங்களும் ஒருநாள் நிற்பீர்கள். அப்போது மேலே இருப்பவர்கள் "உங்க யோசனைப்படி செய்ங்க" என்பார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று போகப்போகத் தெரிந்துகொள்வீர்கள்.

திம்மராஜு என்று ஒருவன் இருந்தான். ஐந்தாம் பாரம், இன்றைய கணக்கில் பத்தாம் வகுப்பு, பதினாறு வயது. அப்பா இல்லை. அம்மா கெம்பம்மா ஊரிலிருந்து மூன்று மைலில், காட்டோரமாக இரண்டு ஏக்கர் ராகி போட்டுக்கொண்டிருந்தார். ஏர் பிடிக்க அந்த வீட்டில் இருந்த ஒரே ஆண்பிள்ளை இவன்தான். அவன் படிப்பதே அந்த அம்மாவுக்கு ஒரு சுமை. ஆனால் ஓசூர் தாலுகாப் போட்டியில் நன்றாக ஆடினால் சேலத்துக்கு ஜில்லா அணியில் எடுப்பார்கள், அங்கே ஆடினால் போலீஸில் வேலை கிடைக்கும் என்று நான்தான் அவரிடம் சொல்லிவைத்திருந்தேன். அதை நம்பித்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். திம்மராஜு பாட ஆரம்பித்தால் எதிர்க்கட்சியை இரண்டு சுற்றுச் சுற்றிவந்து கோட்டைத் தொடும்வரை மூச்சு விடமாட்டான். அப்படி ஒரு மூச்சை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

ஓசூர்ப் போட்டி தள்ளிப்போகவில்லை. நாள் குறித்துக் கடிதம் வந்துவிட்டது. ஹெட்மாஸ்டர் அதை என் மேஜையில் வைத்துவிட்டு, "எல்லா ஸ்கூலும் வருது. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க" என்று போனார்.

ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது, அதில் ஒரு டாக்டர். அந்த டாக்டர் ஐம்பதைத் தாண்டியவர். காய்ச்சல் காலத்தில் அவர் தூங்கியதையே யாரும் பார்க்கவில்லை. அவரிடம் போனேன்.

"காய்ச்சல் விட்டு எத்தனை நாள்ல ஆடலாம் டாக்டர்?"

"தெரியாதுப்பா."

"புத்தகத்துல ஒண்ணும் போட்டிருக்காதா?"

"புத்தகம் எழுதினவன் இந்தக் காய்ச்சலப் பாத்ததில்ல. காய்ச்சல் எறங்கிட்டா சீக்கு போயிட்டதா அர்த்தமில்ல. சில பேருக்கு நெஞ்சுல கொஞ்ச நாள் உக்காந்திருக்கும். சும்மா இருந்தா ஒண்ணும் தெரியாது, ஓடினா தெரியும். என்னக் கேட்டா மூணு வாரம் விடு."

"மூணு வாரம் விட்டா போட்டி முடிஞ்சுடும்."

"அப்ப என்னை எதுக்குக் கேக்கற?" என்று சிரித்தார். சிரிக்கக்கூட அவருக்குத் தெம்பு இல்லை.

யார் யாருக்கு என்றைக்குக் காய்ச்சல் விட்டது என்று கண்டுபிடிப்பதே பெரிய பாடு. டாக்டரிடம் இருந்தது ஒரே தர்மாமீட்டர். பையன்களைக் கேட்டால் எல்லோருமே போன மாதமே விட்டுவிட்டது என்பார்கள். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. நம் வீடுகளில் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு உடனே தலைக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள் அல்லவா? காய்ச்சல் விட வேண்டும், வாய்க்கசப்புப் போக வேண்டும், பசி எடுக்க வேண்டும், ரசம் சாதம் போய்ப் பழையபடி களி இறங்க வேண்டும். தாய்க்கு மனசு ஒப்பினால்தான் வெந்நீர் காயும். அதுவரை பிள்ளை எத்தனை கத்தினாலும் துடைத்துவிடுவதோடு சரி. ஆகவே தலைக்கு ஊற்றிய பையன் தேறிய பையன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டாக்டர் இருக்கும்போது நான் எதற்கு அலைய வேண்டும்?

டாக்டரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். "நல்ல யோசனைதான். அம்மாக்காரிங்க கண்ணு என் தர்மாமீட்டரவிட மேல்" என்றார்.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். மறுநாள் காலை பிரேயரில் எல்லோர் முன்னாலும் ஏறி நின்றேன். "வீட்ல தலைக்குத் தண்ணி ஊத்தினவன் மட்டும் கிரவுண்டுக்கு வரலாம். ஊத்தாதவன் வரக் கூடாது. வீட்லயும் போய்ச் சொல்லுங்க" என்று சத்தமாக அறிவித்தேன். ஹெட்மாஸ்டர் முதுகில் தட்டினார். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை சாயந்திரம் கிரவுண்டுக்குப் பதினெட்டுப் பையன்கள் வந்து நின்றார்கள். எண்ணெய் வைத்து, படிய வாரி, எல்லாத் தலையும் பளபளவென்று இருந்தது. வரிசையாகக் கேட்டேன்.

"தலைக்கு ஊத்தியாச்சா?"

"ஊத்தியாச்சு சார்."

"எப்போ?"

"நேத்து சார்."

"உனக்கு?"

"நேத்துத்தாங்க சார்."

வாரக்கணக்கில் வெவ்வேறு நாளில் படுத்த பதினெட்டுப் பையன்களுக்கு எப்படி ஒரே ஞாயிற்றுக்கிழமையில் உடம்பு தேறியது? இதைக் கேட்க டாக்டர் படிப்பு வேண்டாம், கொஞ்சம் நிதானம் போதும். எனக்கு அது இல்லை. விசில் ஊதினேன்.

எடுத்த எடுப்பில் ஆடவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னை முழு முட்டாள் என்று நினைப்பீர்கள். திங்கட்கிழமை நடை மட்டும். செவ்வாய்க்கிழமை மெதுவோட்டம். புதன்கிழமை கோடு போட்டு ஆட்டம். போட்டிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

திம்மராஜு முதல் தடவை பாடிப்போனவன் பாதியிலேயே திரும்பிவிட்டான். ரொம்ப நாள் ஆடாததால் மூச்சுப் பழகவில்லை என்று நினைத்தேன். இரண்டாம் தடவை எதிர்க்கோட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்ததுமே பாட்டு அறுந்தது. பிடித்தார்கள். எழுந்து என்னிடம் வந்தான்.

"சார், கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன் சார்."

மூன்று வருஷத்தில் அவன் என்னிடம் உட்கார அனுமதி கேட்டதே இல்லை. அடித்து உட்காரவைத்தாலும் எழுந்து ஓடுகிறவன். அந்த ஒரு வாக்கியம் போதும், வேறு எதுவும் வேண்டியதில்லை. நான் என்ன கேட்டேன் தெரியுமா?

"தலைக்கு ஊத்தியாச்சில்ல?"

"ஊத்தியாச்சு சார்."

"அப்புறம் என்னடா? போ."

அவன் போனான். பையன்கள் நாம் போ என்றால் போய்விடுகிறார்கள். இந்த வேலையில் பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

மூன்றாம் தடவை கோட்டைத் தாண்டினான். பாட்டு வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. எதிர்க்கட்சிப் பையன்கள் அவனைப் பிடிக்கவில்லை. அவன் ஏதோ வித்தை காட்டுகிறான் என்று சிரித்துக்கொண்டே பின்னால் போனார்கள். அவன் அங்கேயே மண்டியிட்டு, பிறகு பக்கவாட்டில் சாய்ந்தான். நான் ஓடிப்போய்த் தூக்கியபோது உதடு நாவல்பழம் தின்றவன் உதடு மாதிரி இருந்தது. நெஞ்சில் கை வைத்தேன். அடிப்பது, நிற்பது, சேர்ந்து இரண்டு அடிப்பது, மறுபடி நிற்பது. அந்தத் துடிப்பு இன்றைக்கும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

சாலையில் போன ஒற்றை மாட்டு வண்டியை நிறுத்தி ஏற்றினோம். ஆஸ்பத்திரி இரண்டு பர்லாங்குதான். அந்த இரண்டு பர்லாங்கும் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த சாமி பேரெல்லாம் சொன்னேன்.

டாக்டர் ரொம்ப நேரம் ஸ்டெதாஸ்கோப்பை அவன் நெஞ்சிலிருந்து எடுக்கவே இல்லை. ஊசி போட்டார். மூச்சு கொஞ்சம் சீரானதும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"காய்ச்சல் விட்டு எத்தனை நாள் ஆச்சு?"

"தலைக்கு ஊத்தி மூணு நாள் டாக்டர்."

"நான் அதக் கேக்கல."

கட்டிலில் கிடந்த பையன்தான் கண்ணைத் திறக்காமல் சொன்னான்.

"வெள்ளிக்கெழம வரைக்கும் காய்ச்சல் இருந்துச்சு சார்."

நான் பிரேயரில் நின்று அறிவித்த வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை ஒரு நாள் இடைவெளி. ஞாயிற்றுக்கிழமை தலைக்குத் தண்ணீர்.

டாக்டர் என்னை வெளியே கூட்டிப்போனார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அவர் திட்டவில்லை. "நானும்தான் நல்ல யோசனைன்னேன்" என்றார். "நீ அதக் கமுக்கமா விசாரிச்சிருந்தா நல்ல யோசனைதான். மேடையேறிச் சொன்னியே, அங்கதான் கெட்டது. சொன்னப்புறம் தண்ணி ஊத்தறது ஒடம்பு தேறினதுக்கு இல்ல, உன் கிரவுண்டுக்கு வர்றதுக்கு."

"பொழச்சுக்குவானா?"

"ரெண்டு நாள் போனாச் சொல்றேன். பொழச்சாலும் இனிமே ஓட்டம் கீட்டம் எல்லாம் மறந்துடச் சொல்லு."

மறுநாள் காலையிலேயே மற்றப் பதினேழு பேரையும் ஒவ்வொருவனாகத் தனியே கூப்பிட்டு விசாரித்தேன். இந்தத் தடவை தலைக்கு ஊற்றியதைப் பற்றிக் கேட்கவில்லை. ஒருவன் தானே கிணற்றடிக்குப் போய் ஊற்றிக்கொண்டிருந்தான். ஒருவனுக்கு அம்மா மாட்டேன் என்று சொல்ல, அவன் இரண்டு வேளை சாப்பிடாமல் அடம் பிடித்திருக்கிறான். ஐந்தாறு பேர் உண்மையிலேயே தேறியிருக்கலாம். ஆனால் எந்த ஐந்தாறு பேர்?

ஹெட்மாஸ்டரிடம் போய் அணியை ஓசூருக்குக் கூட்டிப்போக முடியாது என்றேன். அவர் கெட்டவர் இல்லை. மறுநாள் விடிந்ததும் பையனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு என்னைவிட முன்னால் போனவர். ஆனால் வரிசையாக இரண்டு வருஷம் தோற்றிருந்தோம். இந்தத் தடவை ஜெயித்தால் அடுத்த வருஷம் இன்னும் பத்து வீட்டில் பிள்ளைகளை அனுப்புவார்கள் என்று அவருக்கு ஒரு கணக்கு.

"ஒருத்தனுக்கு ஆச்சுன்னு எல்லாரையும் நிறுத்தணுமா? நல்லா இருக்கற ஏழு பேரப் பொறுக்கிக் கூட்டிட்டுப் போங்க."

"யார் நல்லா இருக்கறான்னு எனக்குத் தெரியல சார்."

"பாத்தாத் தெரியாதா? நீங்கதானே டிரில் மாஸ்டர்?"

"திம்மராஜையும் நான்தான் சார் பாத்தேன்."

அவர் பேனாவை எடுத்து, "உங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னு எழுதிடறேன். ஸ்கூல் பேரு கெடாது" என்றார். என் பேர் கெட்டால் பரவாயில்லை என்று அவருக்கும் தோன்றியது, எனக்கும் தோன்றியது.

மறுநாள் சைக்கிள் கொட்டகைச் சுவரில் யாரோ கரியால் 'டிரில் மாஸ்டர் பயந்தாங்கொள்ளி' என்று எழுதியிருந்தார்கள். எழுத்தைப் பார்த்தே யார் என்று தெரிந்தது. கேட்கவில்லை, அழிக்கவும் இல்லை. மழை வந்து அழிந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன். மற்றப் பள்ளிகள் ஓசூருக்குப் போயின. ஆடின. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்களை எப்போதும் சடுகுடுவில் துரத்தி அடிக்கிற பள்ளி ஷீல்டு வாங்கியது. என் பையன்களும் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதோ என்னவோ. நிறுத்தியவனுக்கு, நிறுத்தியதால் எதைத் தடுத்தோம் என்பது கடைசிவரை தெரியாது. அனுப்பியவனுக்காவது தெரிந்துவிடும். முடிவெடுக்கிறவர்களுக்கு வருகிற களைப்பு இதுதான். உடம்புக் களைப்பு தூங்கினால் போய்விடுகிறது.

இரண்டு நாள் கழித்துப் பையன் பிழைத்துவிட்டான் என்று டாக்டர் சொன்னார். அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பினார். அவன் பின்னாலேயே நானும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கெம்பம்மா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனதாகச் சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் கோபமாகப் போனேன். வெள்ளிக்கிழமை காய்ச்சல் அடித்த பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படித் தலைக்கு ஊற்றினீர்கள், நீங்கள் தாயா என்று கேட்கத்தான் போனேன். மூன்று மைலும் அதையே மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு மிதித்தேன்.

அந்த அம்மா ராகிக் காட்டிலிருந்து வந்து, கையைக் கழுவி, எனக்கு ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார். மகன் உள்ளே படுத்திருந்தான். மோர் கொடுத்தார். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"ஏம்மா, ரெண்டு நாளுக்கு முன்னாடி காய்ச்சல் அடிச்ச புள்ளைக்கு எப்படிம்மா தலைக்கு ஊத்தினீங்க? பாத்தாத் தெரியலயா?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"தெரிஞ்சுதுங்க சார். களி எறங்கல. எந்திரிச்சு நின்னாக் கண்ணு இருட்டுதுன்னான். எனக்கு மனசே இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு ஊத்தினீங்க?"

"நீங்க ஊத்தச் சொல்லியிருக்கீங்கன்னு கூடப் படிக்கற பையன் வந்து சொன்னானுங்களே. ஊத்திட்டுத்தான் வரணும்னு சார் எல்லாருக்கும் சொல்லிட்டாருன்னான். படிச்சவங்க சொன்னா ஏதாவது இருக்கும், நமக்கு என்ன தெரியும்னு ஊத்திட்டேனுங்க." என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "ஊத்தியிருக்கக் கூடாதுங்களா?"

நான் அவருடைய கண்ணை நம்பி விசில் ஊதினேன். அவர் என் வாயை நம்பி வெந்நீர் காய்ச்சினார். இரண்டு பேருக்கும் நடுவில் நின்ற பையனை யாரும் பார்க்கவில்லை. அவன் உட்காரட்டுமா என்று கேட்டபோதுகூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்தாறு வயசு, மீசை வைத்த டிரில் மாஸ்டர், மோர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து அழுதேன். அந்த அம்மா பதறிப்போய், "ஐயோ, விடுங்க சார், விடுங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அதுதான் ரொம்பக் கேவலமாக இருந்தது.

அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். அம்மை, டைபாய்டு, மஞ்சள்காமாலை என்று எத்தனையோ வந்து போயின. கிரவுண்டைத் திறப்பதற்கு நான் என்ன பார்க்கிறேன் என்பதை ஒரு தடவைகூட யாருக்கும் சொன்னதில்லை. நேற்று எத்தனை உருண்டை களி தின்றாய், கிணற்றிலிருந்து எத்தனை குடம் எடுத்தாய், ராத்திரி யார் பக்கத்தில் படுத்தாய் என்று சும்மா பேச்சுக் கொடுப்பேன். ஆடவிடாமல், நின்ற இடத்திலேயே சடுகுடு பாடச் சொல்லிக் கேட்பேன். விளையாட்டுக்கு என்று நினைத்துப் பாடுவார்கள். எங்கே மூச்சு அறுகிறது என்று நான் கவனித்துக்கொண்டிருப்பேன். உங்கள் காலத்தில் சர்ட்டிபிகேட் வாங்கிவரச் சொல்லிச் சுற்றறிக்கை வரும். வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சர்ட்டிபிகேட்டைப் பார்த்த கண்ணால் பையனையும் ஒரு தடவை பாருங்கள். உட்காருகிறேன் என்று சொல்கிறவனிடம் எந்தக் கேள்வியும் கேட்காமல் உட்காரவிடுங்கள்.

திம்மராஜு அதற்கப்புறம் கோடு தாண்டவில்லை. சேலமும் போலீஸும் போனதுதான். ஏர் பிடிக்கவும் முடியாததால் படிப்பைத் தொடர்ந்தான், பாஸும் செய்தான். எழுபதுகளில் ஓசூரில் கம்பெனிகள் வந்தபோது ஒன்றில் டைம்கீப்பராகச் சேர்ந்தான். எல்லாம் நன்மைக்கே என்று யாராவது இதைக் கேட்டுவிட்டுச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். மாடிப்படி ஏறும்போது நடுவில் ஒரு தடவை நின்று போகிறவனைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்லட்டும்.

கடைசியாக ஒன்று. அந்த வருஷமே, ஐப்பசி மழை விட்ட சமயம், ஒரு பையனிடம் கெம்பம்மா சொல்லி அனுப்பியிருந்தார், சாரை ஒரு எட்டு வந்துபோகச் சொல்லு என்று. போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் மகனுக்குத் தலைக்குத் தண்ணீரே ஊற்றவில்லை. பையன் தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தான், என்னைப் பார்த்து எழப்போனான். கையைக் காட்டி உட்காரச் சொன்னேன்.

அடுப்பில் அண்டா ஏறியிருந்தது. தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது.

"இன்னைக்கு ஊத்தலாம்னு இருக்கேனுங்க. நீங்க சொன்னா ஊத்திடறேன்."

என் வாயில் பதில் தயாராக இருந்தது. டாக்டரும் போன வாரமே ஊற்றலாம் என்று சொல்லியிருந்தார். ஊற்றுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்த அம்மாவுக்கு நிம்மதி, எனக்கும் நிம்மதி.

"நான் சொல்ல மாட்டேம்மா. டாக்டர் ஊத்தலாம்னுட்டாரு. ஆனா நாளு நீங்க சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. நான் ஏதோ கோபத்தில் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு மகன் பக்கம் திரும்பி, "பா இல்லி" என்று கன்னடத்தில் கூப்பிட்டார். அவன் எழுந்து வந்தான். வாசலிலிருந்து அடுப்படிவரை பத்து எட்டு இருக்கும். அவன் நடந்ததை அவர் பார்த்தார். கன்னத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். கண் இரப்பையை விரலால் இழுத்துப் பார்த்தார். கழுத்தடியில் கை வைத்து ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

பிறகு குனிந்து, எரிகிற விறகை ஒவ்வொன்றாக அடுப்பிலிருந்து வெளியே இழுத்தார்.

"இன்னும் நாலு நாள் போவட்டுங்க சார்" என்றார்.

"சரிம்மா" என்றேன்.